வயல் என்னும் எழுத்தின் கடைசிக் கோடு

யுன்ஷியாவுக்கு,

லியென் எழுதுவது. உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். கோதுமை பால் பிடித்துவிட்டது, மழைதான் போதவில்லை.

எழுத்து என்னுடையதுதான். மூன்று நாளாக எழுதுகிறேன். தெரியாத எழுத்துகளை ஃபூ டீச்சரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்கினேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை.

போன குளிர்காலத்தில் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்து வகுப்பு வைத்தபோது நீ என்னைப் போகவேண்டாம் என்றாய். "உனக்கெதுக்கு அண்ணி இந்தக் கோடெல்லாம்? படிச்சுச் சொல்லவும் எழுதிப் போடவும் நான் ஒருத்தி இருக்கேனே" என்று என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு சொன்னாய். ஆறு வருஷமாக உன் அண்ணன் கெமிங் பட்டணத்திலிருந்து எழுதியதையெல்லாம் நீதானே படித்துக் காட்டினாய். பாசத்தில் சொல்கிறாய் என்று நினைத்தேன். அப்படியும் நான் போனேன். உதவிக்கு ஆள் வேண்டுமென்று டீச்சர் உன்னையும் பிடித்துப் போட்டாள்.

என் குடும்பப் பெயரைத்தான் முதலில் கற்றேன். தியான், அதாவது வயல் என்ற எழுத்து. ஒரு கட்டம், உள்ளே குறுக்கும் நெடுக்கும் இரண்டு வரப்பு. "ஆளெல்லாம் உள்ள போன பிறகுதான் கதவைச் சாத்தணும்" என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். வரப்புகளைப் போட்டுவிட்டு அடிக்கோட்டைக் கடைசியில் போடவேண்டும். நீ பலகையில் எழுதிக் காட்டியபோது முதலில் கதவைச் சாத்திவிட்டு அப்புறம் வரப்புப் போட்டாய். நெடுக்குக்கோடு கட்டத்தைக் குத்திக்கொண்டு கீழே நீட்டிக்கொண்டு நின்றது. "ஏம்மா, வயல் எழுதச் சொன்னா ஆமை ஓடுங்கிற எழுத்தை எழுதியிருக்கியே!" என்று டீச்சர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். "சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான் டீச்சர், கை திருந்தாது" என்றாய்.

புத்தாண்டு முடிந்து உன் அண்ணன் வாங்கிக் கொடுத்த வேலைக்கு நீ பட்டணம் போனாய். வண்டிவரை வந்து உன் மூட்டையைத் தூக்கி வைத்தவள் நான்.

போன வாரம் கூட்டுறவுப் பண்ணையில் சேர்ந்து கையெழுத்துப் போட அலுவலகம் போனேன். எழுத்தர் மெங் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இந்த வீட்டுல உங்க பேரே இல்லியேம்மா. போன வருஷமே விவாகரத்து ஆயிடுச்சு. நீங்கதானே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்றார். காகிதத்தைக் காட்டினார். தேதி ஒன்பதாம் மாதம். அப்போது எனக்கு ஒரு கோடுகூடப் போடத் தெரியாது.

அடியில் என் பெயர் இருந்தது. வயலின் நெடுக்குக்கோடு கட்டத்தைக் குத்திக்கொண்டு கீழே நீட்டிக்கொண்டிருந்தது.

கெமிங்குக்கு அங்கே வேறொருத்தி இருப்பாள் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அதற்காக நான் அழவில்லை. ஆனால் அந்த ஒன்பதாம் மாதத்தில்தான் உன் அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். அவளைத் தூக்க, துடைக்க, மலம் அள்ள இந்த வீட்டுக்கு ஒரு மருமகள் வேண்டியிருந்தது. உன் அண்ணனுக்கு மனைவி வேண்டாம். நீ இரண்டு பேருக்கும் தோதாக வழி கண்டுபிடித்தாய். எட்டு மாதம் இந்த வீட்டில் சம்பந்தமில்லாத ஒருத்தியாக இருந்து உழைத்திருக்கிறேன். அதில் ஐந்து மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பிசைந்த சோளரொட்டியைத் தின்றுகொண்டு, அவன் எழுதாத அன்பையெல்லாம் எழுதியதாகப் படித்துக் காட்டினாயே யுன்ஷியா, உன் தொண்டை ஒருநாளும் அடைக்கவில்லையா?

"இது யார் கைன்னு தெரியுமா?" என்று மெங் கேட்டார். சொல்லியிருந்தால் அன்றைக்கே உன் வேலை போயிருக்கும். தெரியாது என்றேன். உன்மேல் இரக்கப்பட்டுச் சொன்னதாக நினைக்காதே. உன் பெயரை உரக்கச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காகிதத்தை ரத்து செய்யச் சொன்னேன். வேறு தாள் கேட்டு, இந்தத் திருமணத்திலிருந்து எனக்கு விடுதலை வேண்டுமென்று நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. மெங் அவசரப்படுத்தவில்லை. ஒரு கோடும் முறை தவறவில்லை. என் தகப்பனார் ஊர்ப் பண்ணையில் என்னைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அறுவடை தொடங்கும் அன்று கிளம்பிவிடுவேன்.

அதற்குள் நீ வந்துவிடு. அம்மாவுக்குத் தினைக்கஞ்சி நீர்க்க இருக்கவேண்டும், கெட்டியானால் புரையேறுகிறது. இடது பக்கம் படுக்கவைக்காதே, இடுப்பில் புண் இருக்கிறது. கண் மங்கிவிட்டது. தன்னைத் தூக்கும் கையைத் தடவிப் பார்த்து, "யுன்ஷியாவா?" என்று கேட்கிறாள். நானும் "ஆமாம்மா" என்கிறேன்.

இனி நீ வந்து சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தியான் லியென்
நான்காம் மாதம், 1957