நான்காம் தகடு

நிலவு, தென்துருவ நிலையம்
நாள் 41, 09:10
சூரியப் பலகைகளைத் தூசி மூடிவிட்டது. மின்கலம் காலி. மின்சாரம் முழுக்க நான்கு வெப்பமின் தகடுகளிலிருந்துதான்: ஒரு பக்கம் அணு எரிபொருளின் சூடு, மறுபக்கம் வெளிக்குளிர். சூட்டு முனை 512 டிகிரி. மீட்புக் கலம் வர ஒன்பது நாள். பூமியில் நான் போட்ட கணினி மாதிரிக் கணக்குப்படி தாராளமாகத் தாங்கும்.

நாள் 41, 18:40
வீட்டோடு பேச ஐந்து நிமிடம். என் மகள் ஜோவிதா, நான்கு வயது, வகுப்பில் ஒருத்தி கிரேயானைத் தின்ற கதையை ஆரம்பித்தாள். கணக்கில்தான் மிச்சம் இருக்கிறதே என்று அரை மணி நேரம் பேசவிட்டேன். பாதியில் எல்லாம் அணைந்தது. மூன்று தகடுகளில் விரிசல்.

நாள் 42, 05:20
தவறு என்னுடையது. மின்னோட்டம் கூடினால் அந்த ஓட்டமே சூட்டு முனையின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். முனை ஆறும், மின்னழுத்தம் இறங்கும், கருவிகள் இன்னும் இழுக்கும், திடீர்க் குளிர்ச்சியில் தகடு விரிசல் விடும். கணக்கில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் மாறி மாறி, இரண்டும் ஒத்துப்போகும்வரை ஓட்டியிருக்க வேண்டும். பூமியில் அந்தக் கணக்கைப் போட்ட அன்று ஒத்துவரவே இல்லை. ஜோவிதாவின் காப்பகமோ ஆறு மணிக்கு மூடிவிடும். இரண்டையும் தனித்தனியாக ஒரே ஒரு முறை ஓட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

நாள் 42, 11:00
இம்முறை சரியாகப் போட்டேன். மிஞ்சிய தகடு காற்றுச் சுத்திகரிப்புக்கு மட்டும் போதும். ஒலிபரப்பி சூடேற நான்கு நிமிடம். அதன் முடிவில் இந்தத் தகடும் விரிசல் விடும். வரும் குரல்களைக் கேட்பதற்கு மட்டும் மின்செலவில்லை. எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு.

நாள் 45, 19:00
என் கணவர் செல்வின் தினமும் கூப்பிடுகிறார். அம்மா தூங்குகிறாள் என்று ஜோவிதாவிடம் சொல்லியிருக்கிறாராம். பின்னாலிருந்து அவள் குரல்: "பகல்ல என்னப்பா தூக்கம்?"

நாள் 47, 16:05
மையத்தின் செய்தி, அப்படியே: "ஆறு நாளாக நிலையத்திலிருந்து சமிக்ஞை இல்லை. உயிர் இருப்பதற்கான அடையாளம் இல்லாததால் நாளை 06:00க்கு மீட்புக் கலம் திருப்பப்படும்."
என் மௌனத்தை அவர்கள் என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மறுபடியும் ஒரு பக்கம் மட்டுமே ஓட்டியிருக்கிறேன்.

நாள் 48, 05:20
பேசினால் தகடு போகும். பிறகு காற்று இருபது மணி நேரம். கலம் வர இரண்டு நாள். பேசாவிட்டால் கலமே இல்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தாயிற்று.
செல்வின் லைனில் இருக்கிறார். விடைபெற்றுக்கொள்ளட்டும் என்று பிள்ளையை எழுப்பி வைத்திருக்கிறார்.
"அம்மா, எங்கிட்ட கோவமா?"

05:32
ஒலிபரப்பியைப் போட்டுவிட்டேன். மையத்துக்கு அல்ல. முனை 455.

05:34
398.

05:36
341. "கோவமில்லடா கண்ணு, அம்மாக்கு" வரை சொன்னேன். எதுவரை போய்ச் சேர்ந்ததோ.

05:50
நான்காம் தகடும் போய்விட்டது. பேனா உறைகிறது. டார்ச் வெளிச்சத்தில் வெப்பமானியின் முள்ளைப் பார்க்கிறேன். இழுப்பதற்கு ஓட்டம் இல்லாததால் சூட்டு முனை திரும்ப ஏறுகிறது. 430. 512. 560. புதிய கணக்கு சொன்னபடியே, டிகிரி பிசகாமல்