சைக்கிளுக்குச் சொன்ன நன்றி

மெர்டேக்கா சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் யாரோ, "சின்னச் சின்ன விஷயத்துக்கும் நன்றி சொல்லிப் பழகணும்" என்று பேசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சேதுபதியின் தொல்லை தாங்கவில்லை. அவர்கள் குடியிருந்த காஜா பேராங் தெருவின் குழாய்க்கு நன்றி, சைக்கிளுக்கு நன்றி, தூக்கத்தைக் கெடுக்கும் எதிர்வீட்டுச் சேவலுக்கும் ஒரு கும்பிடு. இட்லி அவித்த கைக்கு மட்டும், "சட்னியில உப்பு கம்மி!"

அவர் வேலைக்குப் போனதும் மனைவி சாரதாம்பாள் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"பத்மினி அப்பாவுக்கு,

புக்கிட் பாருவுக்கு அக்காவைப் பார்க்கப் போறேன். சோறு அடுப்பு மேல. சார்டின் மீன் சம்பல் அலமாரியில. பூனை வரும், மூடி வைங்க. உப்பு பத்தலேன்னா சைக்கிள்கிட்ட கேளுங்க."

வாசலில் செருப்பை மாட்டியவள் அப்படியே நின்றாள். நேற்று அறுந்த வார் அழகாகத் தைத்திருந்தது. மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! திரும்பி வந்து பென்சிலை எடுத்தாள். ஆனால் கட்டிய புருஷனுக்கு அயலாருக்குச் சொல்வதுபோல் நன்றி எழுதக் கை வரவில்லை. தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"செருப்பைப் பார்த்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால பாயசம் இருக்கு. கோவத்துல ஒளிச்சு வெச்சது. நன்றியெல்லாம் சைக்கிளுக்கே சொல்லுங்க. எனக்கு ரெண்டு கரண்டி மிச்சம் வைங்க."