அடியில சுடுற குளம்

அன்பு மகள் ஜான்சிக்கு, மரக்காணத்துல இருந்து அப்பா சவரிமுத்து ஆசீர்வாதத்தோட எழுதறது. மாதா புண்ணியத்துல நீ அந்தக் குளிர் தேசத்துல சுகமா இருப்பேன்னு நம்பறேன். இங்க நாங்களும் சுகம்னுதான் எழுத உக்காந்தேன், பேனா அங்கயே நின்னுடுச்சு. பாதி சுகம்னு வச்சுக்கோ. போன்ல சொல்லலாம்னா போன் உங்க அம்மா இடுப்புலயே இருக்குது, பேசினா பக்கத்துல நின்னு கேட்டுடுவா. அதான் காயிதத்துல எழுதி, பம்புசெட்டு வச்சிருக்கானே நம்ம பக்கத்து வீட்டு திருமுருகன், அவன்கிட்ட குடுத்து போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். அம்மாவுக்குத் தெரியாது, நீயும் காட்டிக்காத.

போன லீவுல வந்தப்ப அம்மாகிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போனியே, ஞாபகம் இருக்குதா? அடியில கெட்டியான உப்புத் தண்ணி, மேல நல்ல தண்ணி, ரெண்டும் கலக்காம பாத்துக்கிட்டா வெயில் சூடு மேல ஏற முடியாம அடியிலயே தங்கிடும், அதுல குழாய் விட்டா அடுப்பில்லாம சுடுதண்ணி வரும்னு. நீ பாட்டுக்கு பிளைட் ஏறிட்ட, அது அம்மா மண்டையில ஏறி உக்காந்துக்கிச்சு. இடியாப்பம் யாவாரத்துல வர்றதெல்லாம் சிலிண்டருக்கே போவுது, தண்ணி சூடாவே வந்தா எவ்ளோ மிச்சம் பாருங்கன்னா. வீட்டுக்குப் பின்னால இடுப்புக்கு மேல பள்ளம் தோண்டினா. இறால் பண்ணையில கழிச்சுப் போட்ட கறுப்பு ஷீட்டை கெஞ்சிக் கூத்தாடி வாங்கியாந்தா. பழைய ஏ.சி.ல கழட்டின செம்புக் குழாய்க்கு கூனிமேடு பாய் காயலாங்கடைக்கு நடையா நடந்து, பாயே அலுத்துப்போய் எடை போடாம தூக்கிக் குடுத்துட்டாரு. உப்பு நான் வேலை பாக்கற உப்பளத்துல விலை போவாத அழுக்கு உப்பு, ஓசி. நல்ல தண்ணிக்குத்தான் லாரிக்காரன்கிட்ட காசு குடுத்தோம், இந்தக் கூத்தை எங்க போய் சொல்றது! நீ வாஷிங் மெஷினுக்கு அனுப்பின பணம் பூராவும் அந்தப் பள்ளத்துலதான் கெடக்குது. நானும் சும்மா இல்ல, ஒவ்வொரு ரூவாய்க்கும் தொணதொணன்னு ஏசிக்கிட்டே இருந்தேன். ஆனா ஒண்ணு, தலை கூட வாராம விடிகாலையில போய் அந்தத் தண்ணியை நின்னு பாப்பா பாரு, கல்யாணமான நாளா உங்க அம்மாவை நான் அப்படிப் பாத்ததில்லம்மா.

ஆன்லைன்ல ஒரு தெர்மாமீட்டரு வாங்கியிருந்தா, ஒயரை அடியில விட்டுட்டு மேல நம்பர் பாக்கறது. மொதல்ல மளமளன்னு ஏறிச்சு, அப்புறம் நாப்பத்தொண்ணுல நின்னதுதான், நாள் கணக்கா அசையவே இல்ல. இந்த வெயிலுக்கு வாசல் மண்ணே அதைவிட சுடுது. எல்லாம் பாழாப்போச்சுன்னு சோறு கூட துன்னாம உக்காந்துட்டா. அவ பிரம்மதேசத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப, ஒயரு சேத்துல மாட்டியிருக்கும், எடுத்து விட்டா நம்பர் ஏறும், வந்து பாத்து சந்தோஷப்படட்டுமேன்னு இறங்கினேன். சுத்தி கயிறு கட்டி, யாரும் இறங்கக் கூடாதுன்னு சொல்லித்தான் வச்சிருந்தா. உப்புத் தண்ணியிலயே பொழப்பு நடத்தறவன், என்னை என்ன பண்ணும்னு ஒரு தெனாவெட்டு. மேல கையை விட்டேன், ஜில்லுன்னு இருந்துச்சு. அளத்துல இறங்கற மாதிரி ஒரு காலை ஆழமா விட்டுட்டேன். என் பாதம்தான் உனக்குத் தெரியுமே, உப்புல ஊறி செருப்புத் தோலா கெடக்குது, சுடறது உறைக்கவே நேரமாச்சு. உறைக்கறதுக்குள்ள முழங்காலுக்குக் கீழ வெந்துடுச்சு. ஐயோன்னு கத்தின கத்துல திருமுருகன்தான் ஓடியாந்து தூக்கினான்.

பதறாத கண்ணு. பாண்டி ஆஸ்பத்திரியில படுத்திருந்துட்டு வந்துட்டேன், புண்ணு ஆறிக்கிட்டு இருக்குது. சுகர் இருக்கறதால மெதுவாத்தான் ஆறுமாம், இந்த சீசன் முழுக்க அளத்துல இறங்கக் கூடாதுன்னுட்டாங்க. கூலி போச்சு. கட்டு பிரிக்கறப்பல்லாம் வெரலைப் பாத்து பயந்துக்கிட்டேதான் இருக்கேன், உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். வீடியோ கால்ல என் மூஞ்சியை மட்டும் அம்மா காட்டினது அதுக்குத்தான்.

ஆனா என் கால் இல்ல இப்ப எனக்குக் கவலை. உங்க அம்மா குளத்துப் பக்கமே போவறதில்ல. மருந்து போடறப்ப, உங்களை நானே வேக வச்சுட்டேனேன்னு அழறா. வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பம்பு வச்சு தண்ணியை இறைச்சுட்டு மண்ணைப் போட்டு மூடச் சொல்லி திருமுருகன்கிட்ட சொல்லிட்டா. குழாயை பாய்க்கே திருப்பிக் குடுக்கப் போறாளாம். குளமும் ஆவல, புருஷன் காலும் போச்சுன்னு ஒரே புலம்பல். அடி பைத்தியமே, குளம் ஆவலன்னா என் கால் எப்படிடி வெந்துச்சு? செத்தது தெர்மாமீட்டரு, உப்பு ஏறி செத்துப்போச்சு. மேல ஜில்லுன்னு, அடியில கொதிக்குது, நீ என்ன சொன்னியோ அச்சு அசலா அப்படியே செஞ்சு வச்சிருக்கா ஜான்சி. இதைச் சொன்னா, சும்மா எனக்கு ஆறுதல் சொல்றீங்களான்னு இன்னும் அழறா. இத்தனை மாசம் ஏசின வாய், இப்ப புகழ்ந்தா எப்படி நம்புவா?

நீ சொன்னா நம்புவா. ஞாயித்துக்கிழமைக்கு முன்னால போன் போடு. குளம் என்னாச்சும்மான்னு மட்டும் கேளு, மீதியை அவளே அழுதுக்கிட்டு சொல்லுவா. அழுது முடிக்கட்டும், அப்புறம் குளம் சரியாத்தான் ஆயிருக்குதுன்னு சொல்லு. சுத்தி கம்பி வலை போட நான் ஆள் பாத்துட்டேன், இனி கோழி கூட உள்ள போவாது. உன் மேலயும் தப்பு இல்ல, நீ உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காத. வேளைக்கு சாப்பிடு, வெறும் ரொட்டியைத் துன்னுட்டு படுக்காத, குளிர்ல காதை மூடிக்கோ. மாதா உன்னைக் கைவிட மாட்டா, எங்க ஆசீர்வாதம் எப்பவும் உன்கூட இருக்கும்.

இப்படிக்கு,
உன்மேல உசுரா இருக்கிற அப்பா,
சவரிமுத்து

மறந்துட்டேன். உப்புக்குத் தாங்கற மாதிரி நல்ல தெர்மாமீட்டரு ஒண்ணு அங்கேயே பாத்து வாங்கி அனுப்பு. என்ன விலையா இருந்தாலும் பரவால்ல, அம்மா கணக்குல சேக்காத, அது என் செலவு.