இடம் மாறிய வேம்பு

நவம்பர் 3, ஞாயிறு

காலையில் பனிமூட்டம். பத்து மணிக்கு மேல் வெயில். கத்தார், ராஸ் லஃபான் சைட்; இங்கே மரம், செடியெல்லாம் என் பொறுப்பு. புதுக் குழாய் போகும் வழியில் நின்ற வேம்பைப் பெயர்த்து ஆபீஸ் வாசலில் நட்டோம். பெயர்த்ததில் நுனிவேர் முக்கால்வாசி போயிற்று. நீரை உறிஞ்சுவதே அந்த நுனியில் இருக்கும் மெல்லிய தூவிகள்தான். மேலே இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகப்போக, கீழிருந்து நீர் இழுபட்டு ஏறும். இப்போது இழுக்க இலை நிறைய, கொடுக்க வேர் இல்லை. கிளைகளை வெட்டச் சொன்னேன். அடிமரமும் நாலு கட்டைக் கிளையும் மிச்சம்.

மேனேஜர் வந்து பார்த்தார். “மரம் வைக்கச் சொன்னா கம்பம் நட்டிருக்கீங்க.”

ரூமில் தயிர்சாதம்.

நவம்பர் 6, புதன்

தூசிக்காற்று. தண்ணீர் லாரி ஓட்டும் காதர் பாய், கீழக்கரைக்காரர். வேம்புக்குக் கூடுதலாகத் தண்ணீர் விடப் பார்த்தார். வேண்டாம், சேறானால் வேருக்கு மூச்சு முட்டும் என்றேன். இன்று சைட்டில் தமிழில் பேசியது அவ்வளவுதான்.

தங்கைக்குப் போன். குழந்தை அழுகிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்றாள். கூப்பிடவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

லீவு. துணி துவைத்தது, மீன், ரீசார்ஜ். சாயங்காலம் அல் கோர் கடற்கரை. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

மரம் பட்டுப்போயிற்று, பிடுங்கிவிடலாம் என்றார் மேனேஜர். நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை, ஈரம். இலை செய்த உணவு இறங்கும் வழி அந்தப் பட்டைக்குள்தான். அடிமரத்தில் சேர்ந்திருப்பதை வைத்தே துளிர்க்கலாம் என்று விளக்கினேன்.

“ரெண்டு வாரம் குடுங்க சார்.”

“வரலன்னா?”

“நானே பிடுங்கிடறேன்.”

என் காண்ட்ராக்டைப் புதுப்பிப்பதும் அவர் கையில்.

டிசம்பர் 2, திங்கள்

நல்ல குளிர். துளிர்! வெட்டிய கிளைக்குச் சற்றுக் கீழே, செம்பு நிறத்தில், மூன்று இடத்தில். போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். ‘ஓகே’ என்று பதில். வேறு யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

காதர் பாய் லாரியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். ஊரிலிருக்கும் மனைவியிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். துளிரை அவருக்கும் காட்டினார். இந்த மேடம்தான் காப்பாற்றினார்கள் என்று சொல்லி, போனை என் பக்கம் திருப்பினார்.

அந்த அம்மா மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அங்கன தனியாவா இருக்கீக?”

ஆமாம் என்றேன். அந்த அம்மா போனை வைக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார்.