நீங்கள் தாண்டிப்போன மூன்று வரிகள்

அப்பா,

பீரோவிலிருந்து உங்கள் பைபிளை எடுத்தேன். அட்டையைத் திறந்ததுமே அந்துருண்டை வாசனை. உள்ளே அண்ணனின் கடைசிக் கடிதம், அந்த நீல இன்லண்ட் லெட்டர். நீங்கள் இருந்தவரை அதை வேறு யாரும் தொட்டதில்லை. இந்த வருடம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அதை நான்தான் வாசிக்க வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்ளலாமே என்றுதான் எடுத்தேன்.

அண்ணன் எல்லையில் இறந்தபின், அடையாறில் நமக்கிருந்த ஒரே மனையில் வீடு கட்டாமல் அவன் நினைவாகக் கோயில் கட்டினீர்கள். தரமணியில் ஆட்டோவை நிறுத்தினால்கூட, "பட்டாளத்துக் கோயிலாண்டயா? ஏறுக்கா" என்கிறார்கள். எனக்கு அதில் அத்தனை பெருமை. வருடாவருடம் அசனத்துக்குப் பந்தி போடுமுன் நீங்கள் அந்தக் கடிதத்தை வாசிப்பீர்கள். பாதியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள். சபையே மூக்கை உறிஞ்சும். முன் பெஞ்சில் நானும்தான்.

நீங்கள் நிறுத்திய இடத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன, அப்பா. "சேகர் நல்லவன்ப்பா, வேற மதம்னு பாக்காதீங்க. தங்கச்சிய அவனுக்கே கட்டிக் குடுங்க. நான் உங்ககிட்ட கேக்குறது இது ஒண்ணுதான்."

மேற்கு மாம்பலத்திலிருந்து, நான் விரும்பிய சேகர் தன் அம்மாவோடு பெண் கேட்டு வந்தது நினைவிருக்கிறதா? அண்ணன் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்கள் படியிறங்கியதும் அண்ணன் படத்தைக் காட்டிக் கேட்டீர்கள்: "அவன் இருந்தா இதுக்கு ஒத்துக்குவானா, நீயே சொல்லும்மா." வேறு என்ன சொல்லியிருந்தாலும் உங்களோடு மல்லுக்கட்டியிருப்பேன். செத்துப்போனவனோடு எப்படிச் சண்டை போடுவது? சேகரிடம் வேண்டாம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு வந்த எந்த வரனுக்கும் நான் தலையாட்டவில்லை. சனிக்கிழமைதோறும் பீடத்துக்குப் பூ வைத்தே தலை நரைத்துவிட்டது.

நீங்கள் சம்மதிக்காததுகூடப் போகட்டும். அண்ணன் வாயைப் பொத்திவிட்டு, அவன் பெயரைச் சொல்லியே என்னை நிறுத்தினீர்களே. என் கண்ணெதிரே, பீடத்தின் முன் நின்று, வருடம் தவறாமல். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக் கடிதத்தையும் வாசித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை.

பந்தியில் பாட்டுக் குழு மேரி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்கப்பா ஒரு தடவகூட இத படிக்கலியேம்மா, ஏன்?" என்று கேட்டார்.

"அந்த மடிப்புல எழுத்து மங்கிப்போச்சுக்கா. அப்பாவுக்குக் கண்ணு தெரியல" என்றேன்.

உங்கள் மேல் இருக்கும் கோபம் தணியவில்லை, தணியும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் உங்களை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று, நீங்கள் விட்டுப்போன பொய்யை இனி நான் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன், அப்பா.