வட்டமாக நீந்திய கப்பிகள்

இன்று மத்தியானம் மீன்தலைச் சொதியில் ஒரு வெள்ளைக் கல் பல்லில் கடிபட்டது. கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். இதுதான் மீனின் காதுக்கல் என்று முதலில் காட்டியவள் நீ. அது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. அன்றைக்கே எனக்கு உன்மேல் பொறாமை வந்துவிட்டது.

புதுக்குடியிருப்பில் எங்கள் வகுப்பில் உயிரியலுக்கு நான்தான் முதல். நீ முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ்ஸில் வருவாய். உனக்குக் காது கேட்காது. பாதியை ரீச்சரின் உதட்டிலும் மீதியை என் கொப்பியிலும் பார்த்துப் படித்தாய். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் உடனே விழுவாய். "கண்ணை மூடினா நிலம் ஓடிப்போகுதடி" என்று சிரிப்பாய்.

உன் அம்மா சிரிப்பதில்லை. யுத்தத்தில், நீ கைக்குழந்தையாக இருந்தபோது, செல் குண்டு வெடித்த சத்தத்துக்கு உன் காதைப் பொத்தாமல் விட்டது தன் பிழை என்றே சொல்லுவா. அவவின் பிழை இல்லை என்று காட்டிவிட வேண்டும் என்பதுதான் உன் ஒரே ஆசை.

ஒருநாள் உங்கள் வீட்டு மீன்தொட்டியைக் காட்டினாய். தாயும் தகப்பனும் நேராக நீந்தும் கப்பி மீன்கள். குஞ்சுகளில் சில மட்டும் ஓயாமல் வட்டமடித்தன. கண்ணாடியில் தட்டினாய். மற்றவை சிதறி ஓடின, அவை சுற்றிக்கொண்டே இருந்தன.

"இதுகளுக்கும் கேக்காது போல. ஏனெண்டு புத்தகத்தில பார்த்துச் சொல்லு, புத்தகப்பூச்சி."

நூலகத்தில் ஒரு கட்டுரை கிடைத்தது. மீனின் உட்காதில் நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. கேட்பதும் சமநிலையும் அவற்றால்தான். அவற்றுக்குரிய பரம்பரையலகு, அதாவது ஜீன், ஒன்று பழுதானால் மீனுக்குக் கேட்காது, நேராக நீந்தவும் வராது. மனிதரிலும் அப்படி நடக்கலாம், கேட்கும் பெற்றோருக்கும் கேளாத பிள்ளை பிறக்கலாம் என்று எழுதியிருந்தது.

அதை வாசித்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. நீ முந்திவிட்டாய், ரீச்சர் உன்னைத்தான் மெச்சுவா என்ற நினைப்புத்தான் வந்தது.

"ஒண்டும் கிடைக்கேல்லை" என்றேன்.

"வடிவாப் பார்த்தனியோ?"

"ஓம்."

நீ என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

மாரிமழையோடு வந்த காய்ச்சலில் நீ செத்துப்போனாய். உனக்குச் சொல்லாததை உன் அம்மாவுக்காவது சொல்ல வேண்டும் என்று, கட்டுரையைப் பிரதியெடுத்துக்கொண்டு போனேன். அழுதழுது வாசித்துக் காட்டினேன். அவ முழுவதும் கேட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பினா.

"இதை அவள் எப்பவோ சொல்லிப்போட்டாள் பிள்ளை. சுத்துற குஞ்சுகளைக் காட்டி, 'இந்தத் தொட்டிக்குள்ளயும் செல் விழுந்ததோ அம்மா?' எண்டு கேட்டாள். அண்டைக்குத்தான் நான் நிம்மதியா நித்திரை கொண்டனான்."

நான் ஒளித்து வைத்த பக்கம் உனக்குத் தேவைப்படவே இல்லை. காதுக்கல்லை என் கொம்பாஸ் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் உன் கேள்வி நினைவில் வருகிறது. இவ்வளவு படித்தும் எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லையே என்று, இப்போதும் உன்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.