உம்ம லைனில் மாட்டிய ஃபில்டர்

ஓய்,

மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் ஃபில்டரைத் திறந்தேன். அந்தத் துருவாடை வரவில்லை. எப்போதும் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வெளியே வருகிற கார்ட்ரிட்ஜ், போட்டபடியே வெள்ளை வெளேரென்று இருந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. நீர்தான் இல்லை.

உம்மைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரமாட்டேன் என்கிறது. பழி இன்னும் தீரவில்லையே!

துபாய் சத்வாவில் ஒரே வில்லாவை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, முன்பக்கம் நீர், பின்பக்கம் நாங்கள். நீர் தையல்காரர், தலையில் கிடா மாதிரி சுருட்டை முடி. நான் கம்பெனி கிளார்க். துபாய் தண்ணீரில் குளித்துக் குளித்து முடியெல்லாம் சாக்கடையோடு போனவன். என் ஜன்னலுக்கு நேரே நின்று தலைசீவுவீர். "ஓய், உம்ம மண்டை மின்னுற மின்னுல எனக்கு ஊசியில நூல் கோக்க முடியலவே. தொப்பி போடும்."

அந்த ரோஷத்தில்தான் முழு வீட்டுக்குமான ஃபில்டர் வாங்கினேன். மாட்டுகிற அன்று எனக்கு டூட்டி. "நீர் போம், நான் பாத்துக்கிடுதேன்" என்றீர். பார்த்துத்தான் கொண்டீர். மொட்டை மாடியில் இரண்டு லைன். எது என்று பிளம்பர் கேட்டதற்கு, இஞ்ச் டேப்பை நீட்டி உம்ம லைனைக் காட்டியிருக்கிறீர்!

அது தெரியாமல், பழைய உப்புத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு, "என்ன சுகம்!" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீர் என் தலையைத் தடவிப் பார்த்து, "ரெண்டு முளைச்சிட்டுவே!" என்றீர். அன்று என் வீட்டில் பாயசம்.

முதல் தடவை கார்ட்ரிட்ஜ் மாற்ற நானே மாடியேறி வால்வை மூடினேன். என் வீட்டுக் குழாய் நிற்கவில்லை. உம்ம குளியலறையிலிருந்துதான் அலறல் வந்தது. "தண்ணி மாஃபி! ஒரு சொட்டு இல்லவே! கண்ணெல்லாம் சோப்பு!"

துண்டும் நுரையுமாக மேலே வந்தீர். என் கையில் ஸ்பானர். கொஞ்சமாவது வெட்கப்பட்டீரா? "உமக்குத்தான் எல்லாம் போயிட்டே ஓய். இருக்கவன் தலையைக் காப்பாத்துறதுதானே நியாயம்?"

அன்றே லைனை மாற்றியிருக்கலாம். ஆனால் வால்வு என் கையில் இருப்பது அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு வெள்ளி தவறாமல், நீர் பாடிக்கொண்டே தலைக்குச் சோப்பு போடுகிற நேரம் பார்த்து மூடினேன். "ஓய்ய்!" என்று கத்துவீர். அந்தக் கத்தலைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காலை டீ இறங்கும்.

லீவில் ஊருக்குப் போனவர் நெஞ்சுவலியில் போய்விட்டீர். படம் அனுப்பியிருந்தார்கள். மாலைக்கு மேலே, ஒரு முடி குறையாமல் படுத்திருந்தீர். அதை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.

முன்பக்கம் இன்னும் காலிதான். "ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குங்க ஃபில்டர்? நம்ம லைனுக்கு மாத்துங்களேன்" என்கிறாள் என் மனைவி. மாற்றுவதாக இல்லை.

இன்றும் வெள்ளிக்கிழமை. புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டுவிட்டேன். வால்வை மூடிவிட்டு மாடியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கீழே டீ ஆறுகிறது.

கத்தும் ஓய். கத்தினால்தான் திறப்பேன்.